புறாவை ஏமாற்றுவது லேசா? - இங்கிலாந்து வயலில் ஒரு மறைப்பு தேர்வாகும் கதை! | உலக ஜன்னல்

ஒரு வயல் ஓரத்தில், புறாவின் கண்ணில் படாமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா? கேட்க விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால், இங்கிலாந்து கிராமங்களில் இதை ஒரு கலையாகவே பயில்கிறார்கள். இதற்கென வலை, கம்பு, சுழல் நாற்காலி, முகத்திரை எனக் கடை நிறைய சாமான்கள் விற்பனையாகின்றன. அனுபவசாலிகள் எழுதிய புத்தகங்களும் இருக்கின்றன. இத்தனையும் எதற்கு? ஒரு பறவை தலைக்கு மேலே பறந்து வரும்போது, கீழே ஆள் இருப்பது அதற்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்!

இந்த ஒளிவிடத்தை அங்கே 'ஹைட்' என்கிறார்கள். தமிழில் மறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வயலில் மேயவரும் காட்டுப்புறாக்களைச் சுடுவதற்கான மறைப்பு இது. நம் ஊர்க்காரர்களுக்கு 'ஐயோ பாவம்' என்று தோன்றலாம். அந்த வயலின் சொந்தக்காரருக்கோ, 'ஐயோ, என் பயிர்' என்று தோன்றுகிறது. இரண்டு 'ஐயோ'க்களுக்கும் நடுவில்தான் இந்த மறைப்பு நிற்கிறது.

யார் இந்தப் புறா?

நம் ஊர்க் கோயில் கோபுரத்திலும், அபார்ட்மென்ட் ஏ.சி பெட்டி மேலேயும் குடித்தனம் நடத்தும் மாடப்புறா அல்ல இது. இதன் பெயர் 'உட் பிஜன்'. மாடப்புறாவைவிடப் பெரியது. எடை ஏறத்தாழ அரை கிலோ. சாம்பல் உடல், இளஞ்சிவப்பு சாயல் படர்ந்த மார்பு. வளர்ந்த பறவையின் கழுத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு இருக்கும். சிறகை விரித்தால் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை பளிச்செனத் தெரியும்.

பிரிட்டனில் சுமார் 50 லட்சம் ஜோடி காட்டுப்புறாக்கள் இனப்பெருக்கம் செய்வதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இந்தப் பெருக்கத்துக்கு விவசாயமே ஒரு முக்கியக் காரணம் என்பதுதான் வேடிக்கை. முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் இவற்றுக்குத் தீனி கிடைப்பது கஷ்டம். பல புறாக்கள் பசியில் செத்துப்போகும். 1970-களுக்குப் பிறகு அங்கே எண்ணெய் வித்தான 'ரேப்' பயிர் பெரிய அளவில் பரவியது. கடுகு குடும்பத்தைச் சேர்ந்த பயிர் இது. நம் சூப்பர் மார்க்கெட்டில் கனோலா என்ற பெயரில் இருக்கும் எண்ணெய், இதன் ஒரு ரகத்திலிருந்து வருவதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் குளிர்காலம் முழுக்க வயலில் பச்சை இலை நிற்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, புறாக்களுக்கு இது கல்யாணப் பந்தி! நூற்றுக்கணக்கில் கூட்டமாக இறங்கி இலையைக் கொத்தித் தின்றுவிடும். பனி பெய்து நிலம் மூடிவிட்டால் இன்னும் மோசம். பனிக்கு மேலே தலைநீட்டும் செடிகள் மீது மொத்தக் கூட்டமும் விழும். கடித்த செடி முழுவதும் செத்துவிடாது. ஆனால், வளர்ச்சி பின்தங்கும், ஒரு வயலிலேயே ஒரு பகுதி முன்னாலும் ஒரு பகுதி பின்னாலும் முதிரும், அறுவடை குழப்பமாகும்.

வசந்த காலத்தில் பட்டாணியும் பீன்ஸும் விதைத்தால் அங்கே போகும். ஜூலையில் மழைக்கும் காற்றுக்கும் கோதுமை சாய்ந்து கிடந்தால் அங்கே இறங்கும். அறுவடை முடிந்த தாள்காட்டில் சிந்திய தானியத்தையும் விடாது. இலையுதிர் காலத்தில் ஓக், பீச் மரங்களின் கொட்டைகள் விழுந்தால் காட்டுப்பக்கம் போய்விடும். ஆக, 'புறா இன்று எங்கே சாப்பிடுகிறது?' என்ற கேள்விக்குப் பதில் மாதத்துக்கு மாதம் மாறும். மறைப்பை எங்கே, எதைக்கொண்டு அமைப்பது என்பதும் அதோடு சேர்ந்தே மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி இருக்கிறது, புறா இருக்கிறது என்று இறங்கிவிட முடியாது. பிரிட்டனில் 1981-ம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி எல்லாக் காட்டுப்பறவைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. காட்டுப்புறாவுக்கும் உண்டு. ஆனால், பயிருக்குக் கடும் சேதம் வருவதைத் தடுக்க வேண்டும் என்றால், அரசு வெளியிடும் 'பொது உரிமம்' என்ற ஏற்பாட்டின் கீழ் சுடலாம். இதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஆனால், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். வெடிச்சத்தம் எழுப்பும் கேஸ் பீரங்கி, காற்றில் ஆடும் பட்டம், சோளக்கொல்லை பொம்மை போன்ற விரட்டும் வழிகளையும் முயல வேண்டும் என்பது அதில் முக்கியமானது. நில உரிமையாளரின் அனுமதியும், காவல் துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழும் கட்டாயம்.

2019 ஏப்ரலில் இந்த ஏற்பாடே ஆட்டம் கண்டது. 'வைல்டு ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு சட்டரீதியாகக் கேள்வி எழுப்ப, இங்கிலாந்தில் மூன்று பொது உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டன. விதைப்பு முடிந்து பயிர் முளைக்கும் நேரம் அது. விவசாயிகள் கொதித்தார்கள். பறவை ஆர்வலர்கள், 'சட்டத்தைச் சரியாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்' என்றார்கள். சில வாரங்களில் புதிய உரிமங்கள் வந்தன. அன்றிலிருந்து, 'ஏன் சுடுகிறேன்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மறைப்புக்குள் உட்காரக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். கூண்டில் வைத்திருந்த புறாவைத் திறந்துவிட்டுச் சுடுவது ஒருகாலத்தில் பணக்காரர்களின் போட்டி விளையாட்டு. 1900 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில்கூட உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. பிரிட்டன் 1921-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டது. இன்று போட்டிகளில் சுடப்படும் 'க்ளே பிஜன்' என்பது வெறும் தட்டு. வயலோர மறைப்பில் நடப்பது இந்த இரண்டும் அல்ல. இங்கே பறவைக்குத் தப்பிக்க முழு வானமும் இருக்கிறது. அதனால்தான் மறைப்புக்கு இத்தனை மதிப்பு.

எதிராளியின் கண்

மறைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அது யாரிடமிருந்து மறைக்கிறது என்று தெரிய வேண்டும். மனிதனுக்கு இரண்டு கண்களும் முன்பக்கம். புறாவுக்கு இரண்டு பக்கவாட்டில். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 340 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். தலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கீற்று மட்டும்தான் தெரியாது. நிறம் பிரித்தறிவதிலும் நம்மைவிடக் கெட்டி. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். வேகமான அசைவைப் பிரித்துப் பார்ப்பதிலும் நம்மை மிஞ்சும்.

புறாவைக் கலவரப்படுத்தும் விஷயங்களில் முதலிடம் அசைவுக்கு. இரண்டாவது பளபளப்பு. மூன்றாவது, வயலில் நேற்று வரை இல்லாத, கூர்மையான விளிம்புள்ள புது உருவம். மறைப்பு என்பது இந்த மூன்றுக்குமான மருந்து. வெள்ளையாகத் தெரியும் மனித முகமும், துப்பாக்கியைத் தூக்கும் கையும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பவை. முகத்திரையும் கையுறையும் போடாமல் விலை உயர்ந்த வலைக்குள் உட்கார்ந்தால், குடையைப் பிடித்துக்கொண்டு ஷவரில் நிற்பதுபோலத்தான்!

முதலில் இடம், அப்புறம்தான் மறைப்பு

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, 'எங்கே உட்கார வசதியாக இருக்கிறது?' என்று பார்ப்பது. அனுபவசாலிகள் பார்ப்பது, 'புறா எங்கே போக நினைக்கிறது?' என்று. இந்த விஷயத்தில் இன்றும் சொல்லப்படும் பெயர், ஆர்ச்சி கோட்ஸ். ராணுவத்தில் மேஜராக இருந்து, பிறகு ஹாம்ஷயர் பகுதியில் விவசாயிகளுக்காகப் புறா சுடுவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டவர். 1962-ல் ஒரே நாளில் 550 புறாக்களைச் சுட்டவர் என்று பேசப்படுபவர். அவர் பாணியைப் பின்பற்றுபவர்கள் துப்பாக்கியைவிட பைனாகுலரை அதிகம் பயன்படுத்துவார்கள்.

முந்தைய நாள், புறாக்கள் மேயும் அதே நேரத்தில், தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். புறாக்கள் வானத்தில் கண்டபடி பறப்பதில்லை. மரவரிசை, வேலி, பள்ளத்தாக்கு, இரண்டு தோப்புகளுக்கு நடுவிலான இடைவெளி எனத் தரையில் உள்ள அடையாளங்களை ஒட்டியே பெரும்பாலும் வரும். இதைப் 'பறப்புத் தடம்' என்கிறார்கள். இறங்குவதற்கு முன் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும் மரமும் ஒன்றிரண்டு இருக்கும். தடம், மரம், மேயும் மூலை மூன்றையும் மனதில் கோடு போட்டு இணைத்தால், மறைப்பு எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கும் அருமையான மறைப்பைவிட, தடத்துக்கு அடியில் இருக்கும் சுமாரான மறைப்பு மேல்!

அடுத்தது காற்று. புறா, விமானம் மாதிரி எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று மறைப்பின் முதுகுப்பக்கமிருந்து வீசினால், புறா நேர் எதிரே நம்மை நோக்கி வரும். பக்கவாட்டில் வீசினால் கண் முன்னே குறுக்காகக் கடந்து இறங்கும். இரண்டும் பரவாயில்லை. காற்று முகத்தில் அறைந்தால், புறா நம் முதுகுக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலாக வரும். அப்போது மறைப்புக்குள் இருப்பதெல்லாம் அதற்கு மாடியிலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும்.

மூன்றாவது வெயில். சூரியன் நேர் எதிரே இருந்தால் கண் கூசும். வருவது எந்தப் பறவை என்றே தெரியாது. முகத்தில் நேராக வெயில் அடித்தால், வலைக்குள் முகம் விளக்குப் போட்டதுபோல மின்னும். மர நிழல் விழும் இடமே உத்தமம். மதியத்துக்கு மேல் நிழல் எங்கே நகரும் என்பதையும் காலையிலேயே யோசிக்க வேண்டும்.

நான்கு வகை மறைப்புகள்

1. இயற்கை மறைப்பு: வேலிச்செடி, பள்ளமான வாய்க்கால், படர்கொடி மூடிய மரத்தடி போன்றவை. பைசா செலவில்லை, புறாவுக்கும் பழகிய காட்சி. முன்பக்கம் கொஞ்சம் கிளைகளைச் செருகினால் போதும். ஆனால், உயிருள்ள வேலியை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. இங்கிலாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாய நிலத்து வேலிகளை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் காலம் அது. ஒரு பறவையைச் சுட வந்து, இன்னொன்றின் கூட்டைக் கலைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

2. வலை மறைப்பு: பெரும்பாலானவர்களின் தேர்வு இதுதான். நான்கைந்து மடக்குக் கம்புகள், மேலே போர்த்த ஒரு வலை. பத்து நிமிடத்தில் எழுப்பலாம். புறாக்கள் வேறு மூலைக்கு மாறினால் கழற்றிக்கொண்டு பின்னாலேயே போகலாம். எங்கும் பொருந்தும் என்பது பலம். சரியாகக் கட்டாவிட்டால் வயலில் பெட்டிக்கடை வைத்ததுபோலத் தெரியும் என்பது பலவீனம்.

3. வைக்கோல் கட்டு மறைப்பு: அறுவடை முடிந்த தாள்காட்டில், வேலியே இல்லாத நடு வயலுக்கு ஏற்றது. சதுர வைக்கோல் கட்டுகளை மூன்று பக்கமும் அடுக்கினால் காற்றுக்கும் அசையாது, உள்ளே இருப்பவர் நிழலும் தெரியாது. முன்கூட்டியே அடுக்கிவைத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால், புறாக்கள் பழகிவிடும். ஆனால், கட்டுகள் விவசாயியின் சொத்து. கேட்காமல் எடுத்தால் அடுத்த முறை வயலுக்குள் கால் வைக்க முடியாது. சரியாக அடுக்காத கட்டு சரிந்து ஆள் மீது விழும் அபாயமும் உண்டு.

4. பாப்-அப் கூடாரம்: குடை மாதிரி விரியும் ரெடிமேட் கூடாரம். மழைக்குப் பாதுகாப்பு, கூரையும் இருப்பதால் மேலிருந்து பார்க்கும் புறாவுக்கு ஆள் தெரியாது. படம் எடுப்பவர்களுக்கு ரொம்ப வசதி. துப்பாக்கி பிடிப்பவருக்கோ ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வானம்தான் கிடைக்கும். காற்றில் துணி படபடத்தால் சத்தமும் அசைவும் சேர்ந்து வரும்.

எது சிறந்தது என்று கேட்டால், 'அன்றைய வயலைக் கேளுங்கள்' என்பதுதான் பதில். வேலி இருந்தால் முதல் வகை. வேலி மெலிந்திருந்தால் அதோடு வலையைச் சேர்த்துக் கலவை. திறந்த தாள்காடு என்றால் வைக்கோல். பலரும் வண்டியில் வலையை எப்போதும் வைத்திருப்பார்கள். மற்றதை வயலில் கிடைப்பதை வைத்து முடிவு செய்வார்கள்.

வலை வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

நிறம்தான் முதல் கேள்வி. கோடைப் பச்சைக்கு எடுத்த வலை, குளிர்காலத்துக் காய்ந்த வேலி முன்னால் பச்சைக்கிளிபோல நிற்கும். எனவே, பச்சை ஒன்று, பழுப்பு ஒன்று என இரண்டு வைத்திருப்பது நல்லது. ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சற்று மங்கிய பழுப்பு கலந்த நிறம் பெரும்பாலான மாதங்களுக்கு ஒத்துப்போகும். எந்த வலையாக இருந்தாலும், அங்கேயே கிடைக்கும் புல்லையும் சருகையும் கொஞ்சம் செருகினால் விளிம்பு உடைந்து இயல்பாகிவிடும்.

உயரம் அடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் வலைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். வலை வழியாகவே வயலைப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. எழுந்து நின்றால் துப்பாக்கி வலையில் சிக்காமல் மேலே வர வேண்டும். இந்த இரண்டுக்கும் ஏற்ற உயரத்தை வீட்டுத் தோட்டத்திலேயே நாற்காலி போட்டுச் சோதித்துவிடலாம். வயலில் போய்த்தான் கண்டுபிடிப்பேன் என்பது சரிவராது.

முன்பக்கம் மெல்லியதாக, பின்பக்கம் அடர்த்தியாக. இது நிறைய பேர் மறக்கும் விதி. பின்னால் வானம் வெறுமையாகத் தெரிந்தால், முன்னால் எத்தனை வலை கட்டினாலும் உள்ளே இருப்பவர் நிழற்படம்போலத் தெரிவார். முதுகுக்குப் பின்னால் அடர்ந்த வேலி அல்லது இரண்டாவது வலை கட்டாயம். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் சுவர் மாதிரி தெரியும். ரொம்பத் தளர விட்டால் காற்றில் அடிக்கும். கீழ்ப்பகுதியைக் குச்சியால் தரையோடு இறுக்கி, மேலே சற்று மடிப்பு விழ விடுவதே சரி.

உள்ளே இடமும் வேண்டும். ஆள், நாற்காலி, தோட்டாப் பை, தண்ணீர்ப் பாட்டில், சுடப்பட்ட பறவையை எடுத்துவரும் நாய் என எல்லாம் அடங்க வேண்டும். 250 தோட்டாக்கள் அடங்கிய பெட்டியே சுமார் 10 கிலோ. இதோடு கம்பு, வலை எல்லாவற்றையும் சுமந்து உழுத வயலில் நடப்பது யார் என்று யோசித்துவிட்டு வாங்க வேண்டும். கடையில் பளபளவெனத் தெரியும் கனமான கம்பு, வயலில் இரண்டு பிரச்னை: தோளுக்கு வலி, புறாவுக்குத் துப்பு!

டம்மி புறாவும் தமிழின் 'பார்வை'யும்

மறைப்பு பாதி வேலைதான் செய்யும். மீதி, வயலில் வைக்கும் டம்மி புறாக்களின் பொறுப்பு. மேலே பறக்கும் புறா, 'நம் ஆட்கள் சாப்பிடுகிறார்கள், பத்திரமான இடம்தான்' என்று நம்பி இறங்க வேண்டும். பழந்தமிழில் இதற்கு ஓர் அழகான சொல் உண்டு. பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிக்கும் அந்த மானுக்குப் 'பார்வை' என்று பெயர். பிரிட்டனில் உயிருள்ள பறவையைப் 'பார்வை'யாக வைத்துச் சுடுவதற்குத் தடை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஈர்ப்பதற்கும் தடை. எனவே பிளாஸ்டிக் புறாக்கள்தான்.

இவற்றை லாடம்போல அரைவட்டமாக வைப்பது பரவலான முறை. திறந்த பக்கம் காற்று போகும் திசையில். அந்தத் திறப்பு வழியாக எதிர்க்காற்றில் வரும் புறா, நடுவில் உள்ள வெற்றிடத்தில் இறங்கப் பார்க்கும். அந்த வெற்றிடம் மறைப்பிலிருந்து 20 முதல் 25 மீட்டரில் இருக்க வேண்டும். இதுதான் மறைப்பின் இடத்தைக் கடைசியாக முடிவு செய்யும் அளவு. ரொம்பத் தள்ளிவைத்தால் பறவை காயத்தோடு பறந்துபோய் எங்கேயோ செத்து விழும். கண்ணியமான வேட்டைக்காரர் அஞ்சுவது இதற்குத்தான். 'பத்து தவறலாம், ஒன்று காயப்பட்டுப் போகக் கூடாது' என்பதே அவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய அளவுகோல்.

சுடும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: அது காட்டுப்புறாதானா? 'ஸ்டாக் டவ்' என்றொரு புறா இருக்கிறது. பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சற்றுச் சிறியது. கழுத்தில் வெள்ளைத் திட்டோ, சிறகில் வெள்ளைப் பட்டையோ இருக்காது. சில சமயம் காட்டுப்புறாக் கூட்டத்தோடே மேயும். பயிர்ச் சேதத்துக்கான பொது உரிமத்தில் அதற்கு இடமில்லை, சுட்டால் குற்றம். யாரோ ஒருவர் ஆசையாக வளர்க்கும் பந்தயப் புறாவும் அந்த வழியாகப் பறக்கலாம். இளம் காட்டுப்புறாவுக்குக் கழுத்துத் திட்டு வந்திருக்காது என்பதால், சிறகுப் பட்டையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நல்ல மறைப்பு இதற்கும்தான் உதவுகிறது. பறவை கலவரப்படாமல் நிதானமாக, அருகில் வந்தால்தான் அடையாளம் பார்க்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி: அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? இங்கிலாந்து வயல்களின் நடுவே பொதுமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் குறுக்கே போகும். வேலிக்கு அந்தப்புறம் யாராவது நாயோடு நடந்துகொண்டிருக்கலாம். மறைப்புக்குள் இருப்பவர் யார் கண்ணிலும் படமாட்டார் என்பதே இங்கே ஆபத்தும்கூட. சாலையின் மையத்திலிருந்து 50 அடிக்குள் சுட்டு, அதனால் சாலையில் போகிறவருக்குக் காயமோ இடைஞ்சலோ ஏற்பட்டால் அது தனிக் குற்றம். எனவே எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை சுடலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, மறைப்பின் இரு பக்கமும் உயரமான கம்பை நட்டுவைப்பது நல்ல பழக்கம். துப்பாக்கி அந்தக் கம்பைத் தாண்டித் திரும்பாது.

மூன்றாவது கேள்வி: உள்ளே எத்தனை பேர்? ஒரு மறைப்பில் ஒரு துப்பாக்கி என்பதே பாதுகாப்பு. இருவர் இருந்தால், ஒருவர் சுடும்போது மற்றவரின் துப்பாக்கி திறந்த நிலையில், தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும். உழுத மண்ணில் ஆடும் நாற்காலியும் விபத்துக்கு வழி. தரையைச் சமப்படுத்திவிட்டு உட்கார்வது இரண்டு நிமிட வேலைதான்.

சுட்டால் குறையுமா?

இவ்வளவு பாடுபட்டுச் சுடுகிறார்களே, புறாக்கள் குறைகின்றனவா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓர் ஆய்வாளர் பதில் தேடினார். ஆர்.கே.மர்ட்டன் என்ற பறவையியலாளர், கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் பகுதியில் ஆண்டுக்கணக்கில் காட்டுப்புறாக்களை எண்ணி, கவனித்தார். அந்தக் காலத்தில் புறா சுடுபவர்களுக்கு அரசே தோட்டா விலையில் மானியம் கொடுத்துவந்தது.

மர்ட்டனும் சக ஆய்வாளர்களும் 1974-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு பலருக்குக் கசந்தது. குளிர்காலத்தில் சுடப்பட்ட புறாக்களின் எண்ணிக்கை, எப்படியும் தீனிப் பற்றாக்குறையால் சாகவிருந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. சுட்டுத் தள்ளியதால் மிச்சமிருந்த புறாக்களுக்குக் கூடுதல் தீனி கிடைத்தது, அவை பிழைத்துக்கொண்டன. வசந்தத்தில் கூடு கட்ட வந்த ஜோடிகளின் எண்ணிக்கை குறையவில்லை. நாம் இறைத்த தண்ணீர் கிணற்றில் மறுபடி ஊறிவிடுவது மாதிரி! தோட்டா மானியமும் கைவிடப்பட்டது.

அப்படியென்றால் மறைப்பு வீண்தானா? அங்கேதான் நுணுக்கம். நாடு முழுக்கப் புறாவைக் குறைக்கும் வழியாக இது உதவவில்லை. ஆனால், இந்த வயலில், இந்த இரண்டு வாரத்தில், முளைவிட்ட பட்டாணியைக் காப்பாற்றும் வழியாக உதவும். கூட்டம் கலைந்து வேறு இடம் தேடிப் போகும். கேஸ் பீரங்கிச் சத்தம் பொய் என்று சில நாளில் கண்டுபிடித்துவிடும் புறாக்கள், அவ்வப்போது நிஜமாகவே ஆபத்து வரும் வயலை நம்புவதில்லை. ஆக, எத்தனை சுட்டார்கள் என்பதைவிட, எப்போது, எந்த வயலில் உட்கார்ந்தார்கள் என்பதே விவசாயிக்கு முக்கியம். பயிர் தேறிவிட்ட பிறகும் உட்கார்ந்திருந்தால், அது பயிருக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக.

சுட்ட புறாக்கள் வீணாவதில்லை. இறைச்சி வாங்கும் வியாபாரிகளிடம் போகின்றன. வறுவலாகவும், பை எனப்படும் மாவுப் பண்டத்துக்குள் வைத்தும் தட்டுக்கு வருகின்றன. இதையும் ஏற்காதவர்கள் அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானதே: 'விரட்டுவதற்கு எல்லா வழியையும் உண்மையாகவே முயன்றீர்களா?'

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பறவை வேட்டை இங்கே பொழுதுபோக்கு அல்ல. சிறைக்குப் போகும் வழி. எனவே மேலே சொன்னதில் துப்பாக்கியை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். மீதி அத்தனையும் கேமரா பிடிப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போகும் பிள்ளைகள் முதலில் பறவையைத் துரத்துவார்கள். பிறகு, 'ஒன்றுமே வரவில்லை' என்று திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு இந்த மறைப்புப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். முந்தைய நாள் போய்த் தடம் பாருங்கள். காற்றைப் பாருங்கள். நிழலில் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு புதர் இருக்கட்டும். மங்கலான நிறத்தில் ஒரு பழைய துப்பட்டாவை முன்னால் கட்டினாலே பாதி மறைப்பு தயார். கூடு இருக்கும் மரத்துக்கு அருகே மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் போய்விடக்கூடும். கையை ஆட்டாமல், போனைப் பார்க்காமல், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் தேடிப்போன பறவை, உங்களைத் தேடி வரும்!